துரை பங்களாவுக்குப் பட்டை போட்ட கதை

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவண்ணாமலை போயிருந்தேன். பந்தியில் மூன்றாவது முறை பாயசம் கேட்டதும் என் மனைவி முறைத்தாள். சரி, கொஞ்சம் நடந்தால் ஜீரணமாகும் என்று, செங்கம் ரோட்டில் இருக்கிற துரை பங்களாவைக் காட்டக் கூட்டிப் போனேன்.

கேட் வந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் அங்கே இருந்த போர்டைக் காட்டினேன். ‘இது கோயில் அல்ல. தயவுசெய்து செருப்புடன் வரவும்.’

“ஏங்க, இப்படிக்கூடவா போர்டு வைப்பாங்க?” என்றாள்.

என்னத்தைச் சொல்ல? அந்தப் போர்டுக்குக் காரணமே நான்தான்!

எண்பதுகளின் கடைசியில் அந்த ஊர் வங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். பிரமோஷனுக்கு உதவும் என்று யாரோ சொன்னதை நம்பி, முப்பத்து நாலு வயதில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். இன்ஸ்டிட்யூட் இருந்தது துரை பங்களாவின் முன் ஹாலில். நடத்தியவர் கமலா டீச்சர். ஒரு பக்கத்துக்கு ஒரு தப்பு இருந்தாலும் பேப்பரைக் கிழித்துக் கையில் கொடுப்பார். நான் வாங்கிய கிழிசல்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை தேறியிருக்கும்.

அந்த பங்களாவைக் கட்டியவர் நிலக்கடலை வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரத் துரை. சீமையிலிருந்து மனைவி வரப்போகிறாள் என்று பர்மா தேக்குத் தூண், கலர் கண்ணாடி ஜன்னல் என்று இழைத்து இழைத்துக் கட்டினாராம். அந்தம்மாள் கடைசிவரை வரவே இல்லை! துரை வெறுத்துப்போய் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். வாங்கியவர் உள்ளூர் ரைஸ் மில்காரர். ஹால் கூரையில், துரைக்குக் காற்று வீசிய துணிப் பங்கா தொங்கிய கொக்கி அப்படியே இருந்தது. பங்கா இழுத்த கயிறு ஓடிய துவாரத்தைக்கூட டீச்சர் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவார். அவருக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு பிரியம்.

பிரியம் மட்டுமா? வேறு வழியும் கிடையாது. இருபது மெஷின் ஒரே நேரத்தில் தடதடவென்று அடித்தால் எந்த வீட்டுக்காரர் இடம் கொடுப்பார்? துரை கட்டிய ரெண்டடிச் சுவர்தான் அந்தச் சத்தத்தைத் தாங்கியது.

அப்போதுதான் ரைஸ் மில்காரரின் மகன் சீனிவாசன் மெட்ராஸிலிருந்து கடுதாசி போட்டார். பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டப் போகிறாராம். கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் மேஸ்திரியோடு வருகிறாராம்.

டீச்சர் அன்றைக்கு யார் பேப்பரையும் கிழிக்கவில்லை.

மறுநாள் ஒரு முடிவோடு வந்தார். பங்களாவுக்குப் பளிச்சென்று வெள்ளையடித்துவிடுவது. பிறந்து வளர்ந்த வீட்டைப் புதுசாகப் பார்த்தால் சீனிவாசனுக்கு மனசு மாறாதா? ஆனால் அந்த வாரம்தான் இன்ஸ்டிட்யூட் பெண்களைப் பரீட்சைக்கு வேலூர் அழைத்துப் போக வேண்டும். வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

வெள்ளையடிக்க முனுசாமி வந்தார். அவரிடம் சாவியைக் கொடுத்து, மூன்று நாளில் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினேன். அங்கே ஆடிட். பங்களா பக்கம் தலைகாட்டவே முடியவில்லை.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால்... ஐயோ!

மதில் முழுக்கக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக! கேட் தூண் இரண்டுக்கும் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு வேறு.

முனுசாமி சின்ன வயசிலிருந்தே கிரிவலப் பாதையில் இருக்கிற கோயில் மதிலுக்கும் மண்டபத்துக்கும் வெள்ளையடித்தவர். “தீபத்துக்கு முன்னாடி இந்த ரோட்டுல மதிலுக்கு அடிக்கச் சொன்னா, பட்டை இல்லாமயா சார்? வேணாம்னு நீங்க சொல்லவே இல்லியே” என்றார். நியாயம்தானே?

டீச்சர் வேலூரிலிருந்து வந்தார். மதிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிழிக்கக் கையில் பேப்பர் இல்லாததால் பிழைத்தேன்.

மாற்றி அடிக்க நேரம் ஏது? தீபம் வந்துவிட்டது. கிரிவலம் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் நடக்கும். காலையிலிருந்தே கேட் முன்னால் கற்பூரம் எரிய ஆரம்பித்துவிட்டது. டீச்சர் வெளியே நின்று, இங்கே சாமி இல்லை, டைப்ரைட்டிங்தான் இருக்கிறது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்.

“அண்ணாமலையில எதும்மா சாமி இல்ல?” என்று கேட்டுவிட்டு ஒருவர் தேங்காய் உடைத்தார். டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் சொன்னபடி சீனிவாசன் வந்தார். கூடவே மேஸ்திரி. சீனிவாசன் உள்ளே வர, மேஸ்திரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கீழே கற்பூரக் கரி.

“கற்பூரம் ஏத்துன எடத்துல நான் கடப்பாறை வெக்கமாட்டேன் சார். வேற ஆளப் பாத்துக்கங்க” என்றார்.

சீனிவாசன் டீச்சரைப் பார்த்து, இது எப்போது கோயிலாச்சு என்று கேட்டார்.

ஒரு வார்த்தை... ஒரே ஒரு பொய் போதும், பங்களா தப்பித்துவிடும். சொல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, சும்மா இருந்தாலே போதும். ஆனால் ஒரு எழுத்துத் தப்பைப் பொறுக்காதவர் பொய் சொல்வாரா?

“கோயில் இல்ல சார். சுண்ணாம்பு அடிக்கறதுல நடந்த தப்பு. உங்க சொத்து, நீங்க எது வேணும்னாலும் பண்ணிக்கலாம்” என்றார்.

சீனிவாசன் குனிந்து தன் காலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெறுங்கால்! பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, கேட்டுக்கு வெளியே ஜோடியாக இருந்தது.

“நான் பொறந்த வீடு டீச்சர் இது. என்னையறியாம ஷூவைக் கழட்டிட்டு வந்திருக்கேன். இனிமே எங்கேர்ந்து இடிக்கிறது?” என்று சிரித்தார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

லாட்ஜை வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பங்களா நிற்கிறது. வருஷா வருஷம் முனுசாமியே பட்டை போடுகிறார். யோசித்துப் பார்த்தால், பர்மா தேக்கு, கலர் கண்ணாடி, துரை பட்ட மனக்கஷ்டம் என்று எவ்வளவு சரித்திரம் அந்த வீட்டில்! ஆனால் சரித்திரத்துக்கு நம் ஊரில் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள்? ரெண்டு வாளி காவிக்குத்தான் கழற்றுகிறார்கள். இருக்கட்டுமே, வீடு நின்றால் சரி.

டீச்சருக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்ததாம். ஊரை ஏமாற்றக் கூடாது என்று அந்தப் போர்டை வைத்துவிட்டார்.

இவ்வளவு கதையையும் என் மனைவி சிரிக்கச் சிரிக்கக் கேட்டாள். இன்னமும் அங்கேயே இருக்கும் டீச்சரிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வெளியே வந்து பார்த்தால், ‘இது கோயில் அல்ல’ என்ற எழுத்துக்கு மேலேயே யாரோ விபூதி பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள்! டீச்சர் தினமும் துடைக்கிறாராம், தினமும் வந்துவிடுகிறதாம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்... என் மனைவியின் நெற்றியில் அந்தக் குங்குமம்.