பேரை மட்டும் மறைத்த மெஷின்

1. காலையில் வந்தவர்

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். விருதுநகர் சூலக்கரையில், தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் எங்கள் அரசு அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளிக் கறை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

"புகார் போன் இங்கனதான வருது?"

"ஆமாம்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"பேரு வெளிய வராதுன்னு சொன்னீக. அதை நம்பித்தான் பேசுனேன். நேத்து சாயங்காலம் போர்மேன் எங்க தெருவுக்கு வந்து, அவரு போனை எடுத்து எனக்கே வாசிச்சுக் காட்டுதாரு."

"உங்க பேரைச் சொன்னாரா?"

"பேரு இல்ல மேடம். 'கடந்த ஆண்டு விபத்தில் கணவரை இழந்தவர், இரண்டு மகள்களுடன் வசிக்கிறார், மூன்றாவது ஷெட்டில் பணிபுரிகிறார்'னு இருந்துச்சு. எங்க கம்பெனில அப்படி வேற யாரு இருக்கா? பேரைப் போட்டிருந்தாக்கூட இன்னொரு செல்வராணின்னு சாதிச்சிருப்பேன்."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கையில் இருந்த மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். அந்த வாசகங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். எந்த மனிதரும் அவற்றை எழுதவில்லை.

2. திட்டம்

இதைப் படிக்கும் இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நான் புள்ளியியல் படித்து அரசு வேலைக்கு வந்தவள். அப்பாவுக்கு விருதுநகரில் பருப்பு கமிஷன் கடை. வீட்டில் எல்லாரும் வியாபாரம், நான் மட்டும் சர்க்கார். கடைசி சில ஆண்டுகள் கணினித் திட்டங்களைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு.

அப்போது வந்ததுதான் ஏஐ ஹெல்ப்லைன். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள் பாதுகாப்புக் குறைகளைப் போனில் சொல்லலாம். போனை எடுப்பது ஒரு மெஷின் குரல். அது கேள்வி கேட்கும், பதிலை எழுத்தாக்கும், அதைச் சுருக்கும், எந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று பிரிக்கும். சுருக்கத்தின் நகல் விளக்கம் கேட்டு அந்தக் கம்பெனிக்கும் தானாகவே மெயிலில் போய்விடும். பேரையும் போன் நம்பரையும் மட்டும் அழித்துவிடும். அதற்கு 'மாஸ்க்' என்று பெயர்.

ஹெல்ப்லைன் ஓடத் தொடங்கிய முதல் வாரம் சிரிப்பாகத்தான் போனது. எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் வெடிமருந்து. மெஷினுக்கு அது தெரியாது. "மருந்து கொட்டிக் கெடக்கு" என்று ஒருவர் சொன்னதைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவைத்தது. அதைத் திருத்தினோம். திருத்தியபின் அது உண்மையிலேயே உதவியது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் தூங்கிய புகார்கள் அன்றைக்கே மேஜைக்கு வந்தன. இந்தத் திட்டத்தை நான் வெறுத்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அது ஓடவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

3. மதிய பேட்ச்

செல்வராணியை உள் அறையில் உட்காரவைத்துவிட்டு, மென்பொருளைச் செய்துகொடுத்த கம்பெனியின் என்ஜினீயர் வித்யாவைச் சென்னையில் பிடித்தேன்.

"மேடம், இப்பதான் பார்த்தேன். மாஸ்க் சரியா வேலை செஞ்சிருக்கு. பேர் இல்ல, நம்பர் இல்ல. எல்லா டெஸ்ட்லயும் பாஸ் ஆனதுதான்."

"வித்யா, ஆனைக்குட்டம் பக்கம் ஒரு சின்ன ஊரு. அங்க போன வருஷ விபத்துல புருஷன் போய், ரெண்டு பொண்ணுங்களோட இருந்து, அதே கம்பெனில மூணாவது ஷெட்ல உக்கார்ற பொம்பளைங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நல்ல பெண் அவர். சொன்னதும் புரிந்துகொண்டார்.

"மேடம், ஒரு விஷயம். இன்னிக்கு மதிய பேட்ச்ல இதே மாதிரி நோட்டீஸ் நிறைய க்யூல நிக்குது. மதியம் மொத்தமா கம்பெனிகளுக்குத் தானா போயிடும். நிறுத்தணும்னா உங்க ஆபீஸ்ல இருந்து எழுத்துல அனுமதி வேணும். நானா நிறுத்த முடியாது."

க்யூவை என் திரையில் திறந்து பார்த்தேன். ஒரு கை ஊனமுற்ற கண்காணிப்பாளர். கர்ப்பமாக இருந்தும் மருந்து அறைக்கு அனுப்பப்படுகிறவர். கோவில் பூசாரியின் மகன். பேர் எதிலும் இல்லை. எல்லாரும் யார் என்று அவரவர் ஊரில் கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

மேலதிகாரியின் அறைக்குப் போனேன். ராமச்சந்திரன் சார் கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து உயரதிகாரிகள் திட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அந்தப் பதற்றம் அவருக்கு.

"ஜமீலா மேடம், ஒரு கேஸுக்காக மொத்தத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா? நிலுவை காட்டுற டாஷ்போர்டு பூரா செவப்பாயிரும். திங்கக்கிழமை நான் எதைக் காட்ட?"

"ஒரு கேஸ் இல்ல சார். நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு."

"பேரைத்தான் எடுத்துட்டாங்களே. விதியில அம்புட்டுதான கேட்டிருக்கு?"

நான் வாதாடவில்லை. க்யூவில் இருந்த நோட்டீஸ்களைச் சத்தமாக வாசித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கர்ப்பிணிப் பெண்ணுடையதை வாசிக்கும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"காலைல வந்த அந்த அம்மா வெளியவா உக்காந்திருக்காக?"

"உள் ரூம்ல இருக்காங்க சார்."

பேனாவின் மூடியைத் திறந்தார். "எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடுதேன். ஆனா திங்கக்கிழமை கேட்டா பதில் நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

மதிய பேட்ச் போகவில்லை. வித்யா மெசேஜ் அனுப்பிய பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

4. சூடான மருந்து

இத்தோடு முடிந்தது என்று நினைத்துச் செல்வராணியிடம் போனேன். நோட்டீஸ்களை நிறுத்திவிட்டோம், இனி யாருக்கும் இப்படி ஆகாது என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அது சரி மேடம். அந்த மருந்து என்னாச்சு?"

எனக்கு உறைத்தது. இவர் எதற்குப் போன் செய்தார் என்பதை நாங்கள் யாருமே அன்று பேசவில்லை. கலந்த மருந்தில் மிச்சம் விழுவதை அன்றன்றைக்கே அழித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தானாகச் சூடேறி வெடிக்கும். அந்தக் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடியில் மிச்சத்தை அப்படியே அறையில் வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்தினார்கள்.

"காலைல டப்பாவைத் தொட்டா கொதிக்குது. எங்க வீட்டுக்காரர் போனதும் அப்படித்தான். இன்னைக்கும் அங்கன ஆளுக உள்ள உக்காந்திருக்காக மேடம். என் மதினியும் இருக்கா."

"உடனே ஆய்வுக்கு அனுப்பறேன்."

"அனுப்புனீகன்னா நான்தான் சொன்னேன்னு ஊர்ஜிதமாயிரும். நான் போனே பண்ணலன்னு போர்மேன்ட்ட புள்ளைக மேல சத்தியம் பண்ணிருக்கேன்." சொல்லிவிட்டு அவரே, "அனுப்பாமயும் இருக்காதீக," என்றார்.

பாதுகாப்பு ஆய்வாளர் பரமசிவம் சாரைப் போனில் அழைத்தேன். பெரிய மீசை, குறைந்த பேச்சு. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு கம்பெனிக்குப் போனாத்தான மேடம் சந்தேகம்? அந்த ரோட்டுல இருக்குற எல்லா கம்பெனிக்கும் போயிருவோம்," என்றார்.

"ஆள் இருக்கா சார்?"

"சீசன்ல ஏது ஆளு? காரணம் ஒண்ணு காட்டுங்க, சாத்தூர்ப் பக்கம் போன டீமைத் திருப்பிக் கூப்பிடுதேன்."

காரணத்தை அந்த மெஷினே கொடுத்தது. மிச்ச மருந்து பற்றி வந்த புகார்களை மட்டும் பிரித்துத் தரச் சொன்னேன். அந்த ஒரே ரோட்டில் வேறு வேறு கம்பெனிகளிலிருந்து பலர் அதையே சொல்லியிருந்தார்கள். ஆட்களைப் பற்றிய விவரம் எதுவும் இல்லாமல், இடமும் குறையும் மட்டும் ஒரு தாளில் எடுத்து பரமசிவம் சாருக்கு அனுப்பினேன். ஒரு புகாரை வெளியே அனுப்ப அம்புட்டுதான் தேவையாக இருந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். செல்வராணியின் கம்பெனிக்கு வர நேரமாகும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சீசனில் ஒரு பழக்கம் உண்டு. எங்கேயாவது தொம்மென்று சத்தம் கேட்டால் எழுந்துபோய் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்போம். அன்று நான் சத்தம் எதுவும் கேட்காமலே மாடிக்கு ஏறி ஏறி இறங்கினேன். லாரி டயர் பள்ளத்தில் விழுந்த சத்தத்துக்குச் செல்வராணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறி ஆடை கட்டும் வரை அவர் அதைத் தொடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வேறு யாராவது பேசுவார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பரமசிவம் சார் கூப்பிட்டார்.

"ஆளுகளை வெளிய எடுத்தாச்சு மேடம். டப்பா கை வைக்க முடியாத சூடு. பக்கத்துல இன்னொரு கம்பெனியிலயும் இதே கதை. ரெண்டுக்கும் சீல் வெச்சிருக்கோம்."

செல்வராணியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "சீல் வெச்சா சீசன் முடியுற வரைக்கும் யாருக்கும் வேலை இல்ல," என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உசிரு இருக்கு. அது போதும்," என்று சொல்லிவிட்டு ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

5. சாத்தூரில்

திங்கட்கிழமை டாஷ்போர்டு சிவப்பாகத்தான் இருந்தது. வந்த அதிகாரிகள் ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் நிறைய எழுதிக்கொண்டார். வித்யா சென்னையிலிருந்து வந்து எங்களோடேயே உட்கார்ந்து மெஷினின் வேலையை மாற்றினார். இனி ஆளைப் பற்றிய கதை சுருக்கத்துக்குள் வராது. எந்தக் காகிதமும் ஒரு மனிதர் வாசிக்காமல் வெளியே போகாது. கம்பெனிக்குத் தானாக மெயில் போகும் வழியை அடைத்தோம்.

அந்த வேலையின் நடுவில்தான் இன்னொன்று தெரிந்தது. மெஷினுக்கு எங்கள் பேச்சு பழகவேண்டும் என்று, பேசியவர்களின் குரல் பதிவுகளையெல்லாம் சர்வரில் சேர்த்து வைத்திருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்போம், வேண்டாம் என்றால் அழிப்போம் என்று முடிவு செய்தோம். செல்வராணியிடம் நானே நேரில் போனேன். அவர் ஊரில் பேச்சு ஓயவில்லை என்று சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்திருந்தார். வேலை போன கோபத்தில் மதினி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

கேட்டிற்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"மருந்தைப் பத்திச் சொன்னதை வெச்சுக்கோங்க மேடம். நாலு பேருக்கு உதவும். எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னதை எடுத்துருங்க. அதை நான் புகாராச் சொல்லல. போன் எடுத்த அந்தப் பொண்ணு 'வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா'ன்னு அம்புட்டுப் பொறுமையா கேட்டுச்சு. அவரு போனதுல இருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. சொல்லிட்டேன்." என் கையைத் தொட்டு, "அந்தப் பொண்ணு உங்க ஆபீஸ்தான? அன்னைக்கு வந்தப்பவே பார்க்கணும்னு நெனச்சேன். நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். லீவில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம்.

"அது பொண்ணு இல்லம்மா. மெஷின்."

முதலில் அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் அழுதது?"

உள்ளே மணி அடித்தது. அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"நெசமான ஆளுகிட்ட பேசணும்னா எந்த நம்பரை அமுக்கணும் மேடம்?"

அன்று அப்படி ஒரு நம்பர் கிடையாது. அதையும் உள்ளபடியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்படி ஒரு நம்பரைக் கொண்டுவந்ததுதான் நான் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வேலை. இப்போது அந்த எண்ணுக்குப் போன் செய்தால் முதல் வாக்கியமே, "நீங்கள் பேசுவது இயந்திரத்திடம். ஆளிடம் பேச பூஜ்யத்தை அழுத்துங்கள்" என்பதாக இருக்கும். பூஜ்யத்தை அழுத்தினால் எடுக்க இரண்டு பேரைப் போடச் சொல்லி ராமச்சந்திரன் சாரே சென்னைக்கு எழுதினார். பலர் பூஜ்யத்தை அழுத்துகிறார்கள். சிலர் மெஷின் என்று கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். புகார் குறைகிறதே என்று அவ்வப்போது மேலிருந்து கேள்வி வருவதாகச் சொல்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கேள்வி உங்களிடமும் வரும். அந்த முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டால் எண்ணிக்கை கூடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எடுக்காதீர்கள்.