கேமராவுக்குள் தெரிந்த இருட்டு

சேலத்தில் ஒரு கடைக்காரர் என் அத்தையின் கையில் வைத்த கறுப்புக் கேமராவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நாமகிரிப்பேட்டையில் அத்தையின் வீட்டைச் சுற்றிச் செம்பருத்திதான். செல்போனில் எடுத்தால் இதழின் நரம்பெல்லாம் மறைந்து சிவப்புக் கறையாகத்தான் விழும். மகரந்தம்வரை தெரிகிற மாதிரி நல்ல கேமரா வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். "பூவுக்குப் பக்கத்துல கொண்டுபோனாலும் மங்காதுங்களா?" என்று ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டார். திரையைப் பார்த்து எடுப்பதைவிட, வெயிலில் கண்ணை ஒட்டிப் பார்க்கும் கேமராவே நல்லது என்றார் கடைக்காரர்.

அத்தை இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணைக் கேமராவில் பொருத்தினார்.

"ஏனுங்க, மூடியச் செரியாக் கழட்டலையாட்ட இருக்குதே. கீழ பாதி இருட்டா இருக்குது."

"கழட்டிட்டனுங்களே அம்மா."

மூடி மேசைமேல் கிடந்தது. அத்தை கேமராவை வைத்துவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உன்ற கண்ணு தெரியுது சாமி. வாயி தெரியல."

நாலைந்து நாளாகக் கொசு பறப்பதுபோலக் கண்ணுக்குள் புள்ளிகள் தெரிந்ததாம். வயசு என்று விட்டிருக்கிறார். இன்னொரு கண் நன்றாக இருந்ததால் அந்த இருட்டு இத்தனை நாளும் தெரியவேயில்லை.

அஸ்தம்பட்டியில் இருந்த கண் மருத்துவமனைக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். பின்னால் அமர்ந்திருந்தவரின் விரல்கள் என் தோளில் புதைந்தன. "இருட்டு மேல ஏறுதுங்களா அத்தை?" என்று சிக்னலுக்குச் சிக்னல் கேட்டேன். ஒருமுறை, "ரோட்டப் பாத்து ஓட்டு சாமி" என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

விழித்திரை கிழிந்து பிரிந்துகொண்டிருப்பதாக டாக்டர் சொன்னார். நடுப்பகுதி மட்டும் இன்னும் பிரியவில்லை. அதுவும் போனால் பார்வை முழுதாகத் திரும்புவது கஷ்டம். அன்றே அறுவை செய்தார்கள். அதன்பின், விழித்திரை ஒட்டுவதற்காக டாக்டர் சொன்னபடி அத்தை முகம் கவிழ்த்தே படுத்திருந்தார். தலையணைக்குள்ளிருந்து வரும் அவருடைய குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "செவப்பு தெரிஞ்சாப் போதும் சாமி" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் சம்மதித்த பிறகு மறுபடியும் அதே கடைக்குப் போனோம். அதே கேமராவைத்தான் கேட்டார். கடைவாசலில் நின்று வலது கண்ணைப் பொருத்தியவர், கேமராவைச் சாலைப் பக்கம் மெல்லத் திருப்பினார்.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

"இரு சாமி. அந்தா போற பஸ்ஸுல எழுதியிருக்கறதப் படிச்சுட்டிருக்கறேன்."

இப்போது தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு பூவின் படம் வருகிறது. சற்றுத் தாமதமானாலும் எனக்கு வேலை ஓடாது, போன் செய்துவிடுவேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிடுவார்:

"ஊட்டுல கரண்ட் இல்ல சாமி, கேமராவுக்குச் சார்ஜ் ஏறல. கண்ணு நல்லாத்தான் இருக்குது."