என் மகனுக்கு இரண்டு தாய்மாமன்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. எழுத்து கொஞ்சம்தான் வரும்; மில் சங்கத்தில் கற்றது. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கென்ன ரயிலா புறப்படுகிறது?

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய மறு வருஷம். நாங்கள் மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் பன்னிரண்டு குடித்தனம், ஒரு குழாய். நான் மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தேன். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற வேலை. அங்கே முழுக்கப் பெண்கள்தான். என் மூத்த மகனுக்கு அப்போது பதினோரு மாதம். மத்தியானம் என் மாமியார் அவனைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்கு வருவார். கேட்டைத் திறக்க மாட்டார்கள். உள்ளே நான், வெளியே அவன், நடுவில் கம்பி. என்னைப் போல் பத்துப் பதினைந்து தாய்மார் இருந்தோம். பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். ரவிக்கை நனைந்திருக்கும். அதைப் பார்த்து மேஸ்திரி சிரிப்பான். மத்தியானம் அரை மணி நேரம் கேட்டைத் திறந்துவிட வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்க. நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

வேலைநிறுத்தம் செய்தால்தான் நடக்கும் என்றார் சங்கத்துக்காரர். வக்கீல் வீட்டுப் பிள்ளை, கண்ணாடி போட்டவர், பிறந்ததிலிருந்து கறியைத் தொடாதவர். யுத்தத்துக்கு எதிராகப் பேசியதால் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. எங்களைத் ‘தோழர்’ என்பார். நாங்கள் ‘அண்ணே’ என்போம். வேலைநிறுத்தம் என்றால் எல்லோரும் கூடி, கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆனால் ஐந்து பேர் கூடினால் போலீஸ் வந்துவிடும் காலம். நாற்பது பெண்களை எங்கே கூட்டுவது?

யோசனை என்னுடையது. இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். என் மகனுக்குக் காது குத்துவது என்று சொன்னேன். காதுகுத்துக்கு எத்தனை பேர் கூடினாலும் கேட்க ஆளில்லை. பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் ஓர் ஆம்பளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டுமானால், அவன் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாய்மாமனாக இருக்க வேண்டும். ஆகவே சங்கத்துக்காரர்தான் தாய்மாமன்.

இதில் ஒரு தப்பு இருந்தது. எனக்குச் சொந்தமாகவே ஓர் அண்ணன் இருந்தார். திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே விவசாயம். “மில்லுக்குப் போற பொம்பள எனக்குத் தங்கச்சியே இல்ல” என்று சொல்லி மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவராக வந்து பேசாமல் நான் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். வாய்தான் திறக்கக்கூடாது, காது குத்தினால் என்ன என்று அவருக்குச் சொல்லாமலே ஏற்பாடு செய்தேன்.

முதல்நாள் சங்கத்துக்காரருக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தோம்.

“நாளை காலை வந்துவிடுகிறேன்.”

“ஐயோ, அப்படிப் பேசினா வளவே சிரிக்கும். ‘காலையில வந்துர்றேன் தங்கச்சி’ன்னு சொல்லுங்கண்ணே.”

“வந்துர்றேன், தோழர் தங்கச்சி.”

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வளவு முற்றத்தில் நாற்பது பேர் கூடினோம். என் வீட்டுக்காரர் ஒரு மூலையில் கிடாக்கறி கிண்டிக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி மடியில் சொருகிக்கொண்டு, பட்டு அங்கவஸ்திரத்தோடு மணையில் உட்கார்ந்தார். என் மகன் அவர் மடியில். மெல்லிய குரலில் ஆரம்பித்தார். லண்டன்காரனும் ஜெர்மன்காரனும் உலகச் சந்தையைப் பங்கு போட அடித்துக்கொள்கிறார்கள், இது திருடனுக்கும் திருடனுக்கும் நடக்கிற சண்டை, நாம் சுற்றுகிற நூல் அந்தச் சண்டைக்குத்தான் காக்கித் துணியாகப் போகிறது என்றார்.

“அப்ப சண்ட முடிஞ்சா கேட்டத் தொறந்துருவாய்ங்களாண்ணே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நாம் திறக்க வைத்தால்தான் திறப்பார்கள்” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஏட்டு வந்து நின்றார். யாரும் துப்புக் கொடுக்கவில்லை. கறி வாசம் கொடுத்த துப்பு.

“என்ன விசேசம்?”

“காதுகுத்து ஏட்டையா. வாங்க, உக்காருங்க” என்றேன். ஏட்டு கையில் இருந்த அடையாளம் கண்ணாடி போட்ட ஆள் என்பது மட்டும்தான். அதனால் தாய்மாமனை அவருக்குத் தெரியவில்லை. தாய்மாமனுக்கும் கண்ணாடி இல்லாததால் ஏட்டைச் சரியாகத் தெரியவில்லை. “வாங்க தோழர்” என்று ஆரம்பித்தவரை நான் இடித்தேன்.

முதல் இலை மாமனுக்கு என்பது முறை. ஏட்டு பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டார். ஈரல் வறுவலைக் கத்தரிக்காய் என்று நினைத்து வாயில் போட்ட சங்கத்துக்காரருக்கு, மென்ற பிறகுதான் விளங்கியது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை; கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஏட்டு உருகிப்போனார். “மருமகனுக்குக் காது நோகுமேன்னு இப்பவே அழுகுறாரு பாருங்க. மாமன்னா இப்படி இருக்கணும்.”

அப்போதுதான் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. என் அண்ணன். யாரோ அவரிடம், உன் தங்கச்சி மகனுக்கு எவனோ ஒருத்தன் மாமனாக உட்காரப் போகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்குப் போவதா, சீர் கொண்டு போவதா என்று அவருக்கு முடிவு எட்டவில்லை போலிருக்கிறது. பின்னால் சீர்த்தட்டு, இடுப்பில் அரிவாள், இரண்டையும் கொண்டுவந்துவிட்டார்.

“எவன்டா அவன், நான் கல்லுக்குண்டா இருக்கும்போது என் மருமகனுக்கு மாமன்?”

மேளம் நின்றது. ஏட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

“இவரு மாமன்னா, அப்ப அவரு யாரு?” என்றார் சங்கத்துக்காரரைக் காட்டி.

அவர் பிடிபட்டால் நாற்பது பேருக்கும் வேலை போகும். கேட்டு எந்தக் காலத்திலும் திறக்காது. மூன்று வருஷ வைராக்கியத்தை அந்த இடத்தில் போட்டேன்.

“அண்ணே, சத்தம் போடாத. நம்ம அப்பன் மானம் போகுது.”

“செத்துப்போன அப்பனுக்கு என்ன?”

“இது அப்பனோட மகன்.”

நாற்பது பெண்களும் ‘ஆ’ என்றார்கள். அதில் நடிப்பு இல்லை.

“வாராவாரம் ஆத்தத் தாண்டிக் கோரிப்பாளையத்துக்குப் போவாரே அப்பன், எதுக்குன்னு நெனச்ச?”

“மாட்டுக்கு லாடம் அடிக்க.”

“கடேசி அஞ்சு வருசம் நம்மகிட்ட ஏதுண்ணே மாடு?”

அண்ணன் யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு சங்கத்துக்காரர் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். என் அப்பாவுக்குச் சப்பை மூக்கு. இவருக்குக் கிளி மூக்கு.

“அதே மூக்கு!” என்று கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார் அண்ணன். “தம்பி, இம்புட்டு நாளா எங்கடா இருந்த?”

“தலைமறைவாக” என்று சொல்லப்போனவர் வாயில் நான் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தேன்.

“குடும்ப விவகாரம், நான் தலையிட மாட்டேன்” என்று ஏட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். வலது காதுக்கு அண்ணன் மடி, இடது காதுக்குப் புதுத் தம்பி மடி என்று பேசி முடித்து, ஆசாரி குத்தினார். என் மகன் மில் சங்கு மாதிரி அலறினான்.

வேலைநிறுத்த முடிவுதான் பாக்கி. ஏட்டு நகர்கிற மாதிரி இல்லை. நான் எழுந்து நின்று கேட்டேன்: “நாளைக்கு எல்லாரும் ஒண்ணாச் சேந்து நிக்கணும். யார் யாரு வாரீங்க? கையத் தூக்குங்க.”

நாற்பது கையும் எழுந்தது. நாளைக்கும் விருந்து என்று நினைத்து ஏட்டும் கை தூக்கினார். ஆக நாற்பத்தொன்று.

திங்கட்கிழமை நாங்கள் மில் கேட்டு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். லத்தியோடு வந்தவர் அதே ஏட்டு.

“ஏட்டையா, நேத்து நீங்களும்தான கை தூக்குனீங்க?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் மகனின் வீங்கிய காதைப் பார்த்தார். அப்புறம் அன்று முழுக்க ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரம் உட்கார்ந்தோம். அரை மணி கேட்டதற்குக் கால் மணி கிடைத்தது. கேட்டு திறந்தது. முதல்நாள் என் மகன் பால் குடித்த வேகத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

சங்கத்துக்காரரை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வண்டி கட்டி ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். போலீஸ் மதுரையில் லாட்ஜ் லாட்ஜாகத் தேடியது. மூன்று மாதம் அவர் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் நிலத்தில் பாதியை எழுதித் தர நின்றிருக்கிறார். உழுகிறவனுக்குத்தான் நிலம் சொந்தம், எனக்கு வேண்டாம் என்று இவர் கொள்கை பேசியிருக்கிறார். “அப்ப வந்து உழு” என்று அண்ணன் ஏரைக் கையில் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது கையெல்லாம் காய்த்திருந்தது.

அடுத்த வருஷம் ரஷ்யாவுக்குள் ஜெர்மன்காரன் நுழைந்து சில மாதத்தில், இது நம்முடைய யுத்தம் என்றார் சங்கத்துக்காரர். “திருடனுக்கும் திருடனுக்கும் சண்டைன்னீங்களேண்ணே?” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினார். சரியாகத்தான் இருந்தது. இப்போது ஞாபகமில்லை.

போலீஸ் அவரைத் தேடுவதை விட்ட பிறகு, அவரே அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. என்னிடம் வந்து வருத்தப்பட்டார்: “சொத்து வேணாம்னான், சரின்னு விட்டேன். இப்ப அப்பனே வேணாங்குறான். அந்தக் கட்சி அவன அம்புட்டுக்குக் கெடுத்து வச்சிருக்கு.” நானும் எத்தனையோ தடவை சொன்னேன். என்னையும் நம்பவில்லை. தான் சாகிற வரை தீபாவளிக்குச் சங்கத்துக்காரருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

என் அப்பா எந்தத் தப்பும் செய்யாதவர். கோரிப்பாளையத்துக்கு அவர் எதற்குப் போனார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்தால் எழுதியிருப்பேன். ஆனால் அண்ணன் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ‘சித்தப்பா’ படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நாளை அவர்கள் இங்கே வருகிறார்கள்; இதை அவர்கள் கையில் கொடுக்கப் போகிறேன். அதற்குள் இது சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பேத்தி, அந்த டிவியை அமர்த்திவிட்டு இங்கே வா. எழுத்துப் பிழையை அப்புறம் பார்க்கலாம். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி.