கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்

என் மகளிடம் யார் என்ன கேட்டாலும் பதில் நான்தான் சொல்வேன். டெய்லர் கை அளவு கேட்டாலும் சரி, சொந்தக்காரர்கள் எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டாலும் சரி, அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முடித்திருப்பேன். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், சாயங்காலமானால் காய்ச்சல். சூடு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், மருந்துக்கடையில் சொல்லி மாத்திரையும் வாங்கிப் போட்டேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். பள்ளிக்கூடம் போகும் நாளைவிடப் படுத்திருக்கும் நாள் அதிகமானது. தண்ணீர் குடிப்பதில்லையோ என்றும் பார்த்தேன். பாட்டில் தினமும் காலியாகத்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் செம்பாக்கத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. எப்போதும் உயரம், எடை, கண், பல் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த முறை வந்த பெண் டாக்டர், பிள்ளைகளிடம் தனியாகப் பேச அறை வேண்டும் என்று சயின்ஸ் லேபைக் கேட்டு வாங்கியிருந்தார். அவளுடைய கிளாஸ் மிஸ் போன் செய்து வரச் சொன்னதும் நான் ஸ்கூட்டியில் பறந்தேன்.

"வலி எப்ப வருது?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"காலைல எழுந்ததுமே வருது டாக்டர்" என்றேன் நான்.

"தண்ணி நல்லா குடிப்பியா?"

"பாட்டில காலி பண்ணிடுவா டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிடப்போகிறது? முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தால், அந்தக் கதவு மூடமாட்டேன் என்கிறது. கொக்கி உடைந்து, பள்ளிக்குப் பின்னாலிருக்கும் ஏரியின் காற்றுக்குத் திறந்து திறந்து விழுந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "அம்மா, கதவைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல். வெளியே அனுப்பியது போதாதென்று வாட்ச்மேன் வேலை வேறு! கதவின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்தவர்களையெல்லாம் முறைத்தே விரட்டினேன். உள்ளே பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவளுக்கு இவ்வளவு பேச இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

"யூரின் இன்ஃபெக்‌ஷனாத்தான் இருக்கும். டெஸ்ட் எடுத்து மருந்து சாப்பிட்டா சரியாயிடும்" என்றார் டாக்டர், என்னை உள்ளே கூப்பிட்டு. "எதனாலன்னு அவளே உங்ககிட்ட சொல்றேன்னு சொல்லியிருக்கா. அவசரப்படுத்தாதீங்க."

வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லம்மா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கணும்."

அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தோழி, வீடு மாறிக் கீழ்க்கட்டளையில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாளாம். வேறொருத்தி ஒருநாள் விளையாட்டாகக் கையை விட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து இவள் போவதில்லை. போக வேண்டிவரக் கூடாதே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. நான் திட்டுவேனென்று, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் பாட்டில் தண்ணீரைப் பள்ளி கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் புங்க மரத்துக்கு ஊற்றிவிடுவாளாம்.

"முன்னாடியே ஏன்டி சொல்லல?"

"சூடுன்னு நீயே சொல்லிட்டியேம்மா."

சிக்னல் விழுந்து பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டினேன்.

"அப்ப டாக்டர்கிட்ட மட்டும் எப்படிச் சொன்ன?"

"கதவுல உன் விரல் தெரிஞ்சுகினே இருந்துச்சும்மா. நீ விடமாட்டன்னு தெரியும்."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன்.

அவளுடைய அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். ஹெச்எம்மிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை அவரே போய்ப் பாத்ரூம் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்ட நாங்கள் இருவரும் அந்த டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெளியே இருக்கச் சொல்வதற்கு முன்பே நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே கதவு நன்றாகவே மூடியது. இருந்தாலும், அவள் வரும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.