முந்தி விழுந்த அடிகள்

என் மனைவி மேளம் அடிப்பது கணினியில். அதைச் சொன்னால் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது என்ன வேலை என்று என்னிடமே கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவளிடம் இருந்தது ஒரு பழைய லப்டொப். மூடிப்போன ஓர் அலுவலகத்தின் சாமான்களை விற்றபோது வாங்கியது. கணக்கு எழுதத்தான் அது லாயக்கு. அதில் பீட் செய்யும் மென்பொருளைப் போட்டு, இசைக்கென்று ஒரு சின்னக் கீபோட்டைச் செருகி, அடுப்புக்குப் பக்கத்தில் குசினி மேசையில் வைத்து அடிப்பாள். ஐந்தாறு சத்தம் சேர்ந்தால் லப்டொப் திணறும். அடித்து முடித்ததை ஒரே ஒலியாக இறக்கி வைத்து, பாரத்தைக் குறைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவாள். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்து இறைத்துப் போகிற மாதிரி இருக்கும்.

கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடையில் கேட்டோம். புது புரொசசர் வேண்டும், றாம் பதினாறு ஜீபி வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும், சத்தத்துக்கென்று தனிப்பெட்டி வேண்டும் என்று கடைக்காரன் எங்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்த விலைக்கு எனக்கு ஒரு படகு எஞ்சின் வரும். வீடு வந்து சேரும்வரை அவனை ஏசினேன். அவள் மட்டும் அவன் சொன்னது சரிதான் என்றாள்.

பிறகு ஒருநாள், குறும்படங்களுக்கு இசை செய்யும் ஒரு தம்பி அவள் போனில் அனுப்பிய பீட்டைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். அவனுடைய ஸ்ரூடியோவும் கிளிநொச்சியில்தான். வந்து பாட்டோடு சேர்த்து அடித்துக் காட்டட்டும், சரிவந்தால் இனி மேள வேலையெல்லாம் அவளுக்குத்தான் என்றான். இப்படி ஒருவர் சொல்ல வேண்டும் என்று அவள் எத்தனையோ வருசமாகக் காத்திருந்தாள். பஸ் பரந்தன் தாண்டும்வரை மடியில் விரலால் அடித்துக்கொண்டே வந்தாள்.

கடைக்காரன் சொன்ன அத்தனை சாமானும் அந்த ஸ்ரூடியோவில் இருந்தன. கணினி ஓடுகிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. அவள் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அடித்தாள்.

நாசம். ஒவ்வோர் அடியும் பாட்டுக்கு முன்னால் விழுந்தது. திரும்ப அடித்தாள். அதே கதி. வீட்டில் ஒரு தரம்கூட இப்படிப் பிழை வந்தது கிடையாது.

கணினியில் ஏதோ பிழை என்றேன்.

"இல்லை அண்ணை, அது சரியாத்தான் இருக்கு," என்றான் அந்தத் தம்பி.

அப்படியானால் பிழை என் மனைவியிலா? எழும்பினேன். பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தது அவமானப்படவோ என்று கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள். கண் நிறைந்திருந்தது.

அந்தத் தம்பி என்னைக் கவனிக்கவே இல்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடித்த ஒவ்வோர் அடியும் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது. விழ வேண்டிய இடத்தில் ஒரு கோடு. எல்லாக் கட்டமும் கோட்டுக்கு முன்னால் நின்றன. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரே இடைவெளி.

"தாளம் தெரியாத ஆள் அடிச்சா ஒண்டு முந்தும், ஒண்டு பிந்தும். இது எல்லாம் ஒரே அளவாய் முந்தியிருக்கு," என்றான். "அக்கா, உங்கட லப்டொப்பில அடிச்ச உடன சத்தம் வருமோ?"

"இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வரும்."

"அதுதான். அந்தப் பிந்தலுக்கும் சேர்த்து நீங்கள் முன்னமே அடிக்கிறியள்."

"நானோ?"

அவளுக்கே தெரியாது. தன் கணினியிலும் சத்தத்தை மறித்து வைத்துப் பிந்தி விடலாம் என்று சொல்லி, கட்டங்கள் முந்தி நின்ற அளவுக்கே அவன் அந்தப் பிந்தலைக் கூட்டி வைத்தான். "இப்ப இது உங்கட வீட்டு லப்டொப். அடியுங்கோ."

அடித்தாள். விரல் விழும், சத்தம் இல்லை. விரல் அடுத்த கட்டைக்குப் போன பிறகுதான் முதல் அடி ஒலிக்கும், பாட்டில் அது விழ வேண்டிய இடத்திலேயே. நான் களப்பில் வீச்சுவலை எறிகிறவன். மீன் நிற்கிற இடத்துக்கு எறிவதில்லை, போகப்போகிற இடத்துக்கு எறிவேன். அது கைக்கு வர எனக்கு எத்தனை வருசம், என் அப்பரிடம் வாங்கினது எத்தனை அடி. இவள் அதைச் சோறு கொதிக்கிற பானையில் ஒரு காதை வைத்துக்கொண்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், பழகினது தெரியாமலே பழகியிருக்கிறாள். அதே மேசையில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன்.

வேலை உங்களுக்குத்தான், நீங்கள் வரும்போதெல்லாம் இப்படியே வைத்துத் தருகிறேன் என்றான் அவன்.

"வேண்டாம் தம்பி. கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சு வாங்கோ," என்றாள்.

அவன் குறைத்தான். அவள் தடுமாறினாள், பிடித்தாள். இன்னும் குறைத்தான். மத்தியானச் சாப்பாட்டைக்கூட அவள் நினைக்கவில்லை. கடைசியில் மறிப்பே இல்லாமல் அடித்தபோது, சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விரலுக்குள்ளையே சத்தம் நிக்குதப்பா."

அடுத்தநாள் வீட்டு லப்டொப்பில் எல்லாம் பிந்தியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோறு இறக்குவதற்குள் பழைய கை திரும்பி வந்தது. இப்போது அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை.

படகு எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். கடைக்காரன் சொன்ன சாமானை வாங்கத்தான் போகிறோம். இந்த முறை அவனை ஏச மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.