நான்கு நீலப் பெட்டிகள்

என் கணவருடைய ரயில் கம்பெனியை மூடியது நான்தான். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகை வீட்டு மாடியில் தகரம் போட்ட ஓர் அறை, ஒரு மேசை, ஒரு சால்டரிங் கோல், அவர் ஒருவர். அவ்வளவுதான் கம்பெனி.

பிழைப்புக்கு அவர் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷின்களுக்கு பிட்டர். மிச்ச நேரத்தில் ரயில் பெட்டி செய்தார். பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். நிஜப் பெட்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு, அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் ஜன்னல் கம்பி, மின்விசிறி, கக்கூஸ் கண்ணாடி வரை இருக்கும். மெஷினில் உடைந்து விழுகிற ஊசிகளைப் பொறுக்கி வந்து, அரத்தில் தேய்த்து, படிக்கட்டுக்குக் கைப்பிடி செய்வார். அவர் பிறந்த மடத்துக்குளத்தில் அவர்கள் தோட்டத்தை ஒட்டி ரயில் போகும். சின்ன வயதில் பிடித்த பைத்தியம் என்று என் மாமியார் சொல்வார்.

இந்தப் பைத்தியம் நாடு முழுக்க இருக்கிறது என்பது பிரவுசிங் சென்டர்கள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சென்னையில் ஒரு பல் டாக்டர், பெங்களூரில் பேங்கில் ரிட்டயரான ஒருவர், இப்படிப் பத்து இருபது பேர். எல்லோரிடமும் ஜெர்மனியில் ஒரே கம்பெனி செய்த இன்ஜின்கள் இருந்தன. அதன் பெயர் இங்கே வேண்டாம். குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுவார்கள். தாத்தா வாங்கிய இன்ஜின் பேரனுடைய தண்டவாளத்தில் ஓடுமாம். எவ்வளவு பழைய இன்ஜினுக்கும் சாமான் கிடைக்குமாம். ஆனால் அந்தத் தெய்வம் நம் ஊர் ரயிலை மட்டும் செய்து தந்ததில்லை. அதனால் இவர்கள் தங்கள் இன்ஜினுக்குப் பின்னால் ஏதோ பனிமலை நாட்டுப் பெட்டிகளை மாட்டி ஓட்டிக்கொண்டு, நம் நீலப் பெட்டிக்கு ஏங்கிக் கிடந்தார்கள். என் கணவர் செய்து அனுப்பிய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்தப் பல் டாக்டர் போனில் அழுதார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஜெர்மனிக்காரர்கள் திருப்பூருக்கு வருவது எங்களுக்கு அதிசயமில்லை. அப்படித் துணி பார்க்க மில்லுக்கு வந்த ஒருவர், என் கணவருடைய டூல் பாக்ஸ் மேல் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் துணியை மறந்துவிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியிடமிருந்தே கடிதம் வந்தது. உள்ளே விளக்கு எரிகிற மாதிரி நான்கு பெட்டி சாம்பிள் அனுப்பச் சொன்னார்கள். பிடித்துவிட்டால் அவர்கள் கேட்லாக்கில் இவர் பெட்டியும் வரும். வந்தால் மெஷினுக்கு அடியில் எண்ணெய்க்குள் படுத்துக் கிடக்கிற வேலையை விட்டுவிட்டு, காலம் முழுக்க ரயில் பெட்டியே செய்யலாம். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

நான்கு பெட்டிக்கும் மூன்று மாதம் ஆனது. கூரியர்காரர் வருகிற அன்று காலையில் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பேக்கிங்கை என்னிடம் விட்டார். நான் அப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். என் பேக்கிங்குக்கு மேல் ஒரு பேக்கிங் உண்டா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செக்கிங்கில் முதல் பாடம், பிசிறோடு ஒரு பீஸும் வெளியே போகக்கூடாது. தைத்து வருகிற பனியனைத் திருப்பிப் போட்டு, தொங்குகிற நூலையெல்லாம் ட்ரிம்மரால் ஒட்ட வெட்ட வேண்டும். சாம்பிள் என்றால் இரண்டு மடங்கு கவனம். ஒரு நூல் தொங்கினாலும், சரக்கு வாங்குகிற பையர் மொத்த ஆர்டரையும் சந்தேகப்படுவான். பதினோரு வருடம் அதைச் செய்த கை இது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக மெல்லிசாகச் சில இழைகள் தளர்ந்து தொங்கின. இவ்வளவு வேலை செய்த மனுஷன் இதைக் கவனிக்காமல் விட்டாரே என்று நினைத்தேன். ஒரு பெட்டிக்கு நான்கு, மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினேன். என் கம்பெனி வழக்கப்படி, சரிபார்த்தவர் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டையும் உள்ளே வைத்தேன். பெருமையாக இருந்தது.

அவை நூல் அல்ல. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக விளக்குக்குக் கரண்ட் கொண்டு போகிற கம்பிகள். வளைவில் சக்கரம் திரும்புவதற்காக வேண்டுமென்றே தளர்வாக விட்டு, வெளியே தெரியாமலிருக்கக் கறுப்பு பூசியிருந்தார். விளக்கு எரிவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். எப்படி எரிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளே பேட்டரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். குரங்கு கையில் பூமாலை என்று என்னைச் சொல்லாமல் யாரைச் சொல்வது?

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பார்சல் திரும்பி வந்த அன்று நான் வேலையிலிருந்தேன். நம் ஊர்ப் பெட்டிக்குக் கேட்லாக்கில் இடமில்லையாம் என்று மட்டும் அவர் சொன்னார். அதன் பிறகு புதிதாக ஒரு பெட்டியும் செய்யவில்லை. பல் டாக்டர் கேட்டபோது கண் சரியில்லை என்று சொல்லிவிட்டார். நான்கு வருடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் அந்தக் கம்பெனியைத் திட்டினேன். மூன்று மாத உழைப்பை இப்படித் தூக்கி எறிந்தவர்கள் நாசமாகப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டு ஓனர் வீட்டைக் கேட்டதால் நாங்கள் காலி செய்தபோதுதான் மாடி அறையில் அந்தப் பார்சல் என் கைக்குக் கிடைத்தது. உள்ளே நான்கு பெட்டிகளும் இருந்தன. ஒரு கடிதமும், அதோடு சேர்த்துக் குத்திய என் சீட்டும் இருந்தன. பையர்களின் இங்கிலீஷ் எனக்குப் பழக்கம். பெட்டிகள் மிக அருமை, இப்படி ஒரு வேலையை நாங்கள் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அடியில் உள்ள கம்பிகள் வெட்டப்பட்டிருப்பதால் விளக்கு எரியவில்லை. எப்படி நடந்தது, யாரால் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று எழுதி, சரிசெய்து மறுபடி அனுப்புங்கள், காத்திருக்கிறோம். பெட்டியைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு கம்பியிலும், நான் வெட்டிய இடத்தில், ஈயத்தால் ஒட்டிய சின்னப் பொட்டு இருந்தது.

டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த கணவரை மேலே கூப்பிட்டேன். கடிதம் என் கையிலிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"அந்த வாரமே ஒட்டிட்டேன் அம்மிணி. லைட்டும் நல்லாத்தான் எரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க அனுப்பல?"

"ஆரு பண்ணுனதுன்னு எழுதச் சொல்றாங்கல்ல? வேற ஆரு மேலயும் போட முடியாது, உன்ற பேரு போட்ட சீட்ட அவுங்களே பாத்துட்டாங்க. பொண்டாட்டி பண்ணீட்டான்னு எந்தக் கையில எழுதறது?"

இப்போதாவது அனுப்பலாம் என்றேன். அந்தக் கம்பெனி நொடித்துப் போய்க் கை மாறிவிட்டது, கடிதம் எழுதியவரும் அங்கே இல்லை என்றார். டெம்போக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார். என் கணவர் இறங்கிப் போய்விட்டார்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரை எவ்வளவு நல்ல மனுஷன் என்கிறார்கள். எனக்கு இன்று வரை ஆத்திரம் அடங்கவில்லை. என் கம்பெனியில் ஒரு லாட் பனியன் திரும்பி வந்தால், தவறு செக்கிங்கில், பொறுப்பு நான், இனி நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பையருக்கு அனுப்புவதுதான் என் வேலை. மாதத்துக்கு இரண்டு கடிதமாவது அப்படி எழுதுவேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன். அதில் எனக்கு ஒரு நாளும் மானம் போனதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கால் மணி நேரத்தில் நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.