டெட்லிஃப்டும் கறுப்பு பேண்ட்டும்

இன்று காலை ஜிம்முக்குப் போனதே, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லத்தான்.

தரையில் கிடக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்கிற நாளெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நாற்பத்து நான்கு வயதில் இது தேவையா என்று தோன்றிவிட்டது.

கடைசியாக ஒருமுறை தூக்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் நேரத்தில் என்னோடு வரும் ரேவதி, போலீஸ் வேலையில் இருப்பவர், பக்கத்தில் நின்று சிரித்தார்.

"இன்னாக்கா, கம்பி கூட சண்டையா? அவ்ளோ தள்ளி நின்னுக்கினு தூக்குறீங்க?"

"ஒட்டிப் புடிச்சா துணியில துரு ஆயிடும்ல."

"கறுப்பு பேண்ட்ல எந்த துருக்கா தெரியப்போவுது?"

குனிந்து என் பேண்ட்டைப் பார்த்தேன். இருபது வருடமாகக் காட்டன் புடவையில் சங்கராபுரம் பஸ் ஏறி ஆபீஸ் போகிறவள் நான். தண்ணீர் வாளியோ, தூசி படிந்த ஃபைல் கட்டோ, எதையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தே தூக்கிப் பழகிவிட்டேன். பாரமெல்லாம் இடுப்பில் இறங்கியிருக்கிறது.

"மொதல்ல வெயிட்ட கம்மி பண்ணுங்க. முதுகு நேரா இருக்கட்டும். கம்பி கால்ல உரசிக்கினே மேல வரணும்" என்றார் ரேவதி.

ஐந்து முறை தூக்கினேன். முன்னங்காலில் லேசாகச் சிராய்த்தது. இடுப்பு வாயே திறக்கவில்லை. இதோ மாலையாகிவிட்டது, இன்னும் திறக்கவில்லை.

விலகுவதாக யாரிடமும் சொல்லவில்லை. ரேவதிக்கு நன்றியும் சரியாகச் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

துணி அழுக்காகக் கூடாது என்று இடுப்பைக் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் மட்டும்தானா?